ஓடச் சொன்னால் ஏன் அழுகிறாள்?

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி திறந்த முதல் வாரம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய், "எல்லாரும் அந்த வேப்பமரத்தைச் சுத்தி ஒரு தடவை ஓடிட்டு வாங்க" என்றேன். புதிதாக ஒன்றைத் தொடங்கும் உற்சாகத்தில் இருந்தேன். பிள்ளைகள் ஓடினார்கள். ஒரு சிறுமி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன. அருகில் போய் என்னவென்று கேட்டேன்.

"டீச்சர், நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. முந்தைய ஆண்டு வீட்டுப்பாடம் எழுதாதவர்களை அதே மைதானத்தில் மூன்று சுற்று ஓடவிட்டது நான்தான். மணி அடித்த பின் வந்தவர்களைப் பத்துத் தோப்புக்கரணம் போட வைத்ததும் நான்தான். சூழ்நிலையியல் பாடத்தில் 'உடற்பயிற்சி உடலுக்கு நல்லது' என்று கரும்பலகையில் எழுதி, அதன் பயன்கள் ஐந்தைக் கேட்டுத் தேர்வு வைத்ததும் நான்தான். அந்தச் சிறுமி ஐந்தையும் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். தாளில் எழுதியது ஒன்று; அவள் உடம்பு கற்றுக்கொண்டது வேறொன்று. தப்பு செய்தால் ஓட வேண்டும் என்பதுதான் அவளுக்கு நான் உண்மையில் நடத்திய பாடம்.

ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் எல்லாரும் இதை ஒருமுறையாவது செய்திருப்போம். அடிக்கவில்லையே, ஓடத்தானே சொன்னோம், உடம்புக்கும் நல்லதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்போம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, குழந்தையின் உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தோப்புக்கரணத்தையே பாருங்கள். பிள்ளையார் கோவிலில் பாட்டியோடு போய்க் காதைப் பிடித்துக்கொண்டு போடும்போது அதே குழந்தை சிரித்துக்கொண்டே பத்துக்கு இருபதாகப் போடும். வகுப்பு வாசலில் நாற்பது பேர் பார்க்கப் போடும்போது கூனிக் குறுகும். மூட்டும் தொடையும் செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எங்கள் ஊரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் ஐயம்பேட்டை, நெசவுக்குப் பேர்போன ஊர். தெருவில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச்சத்தம் கேட்கும். குழித்தறியில் கால்கள் பள்ளத்துக்குள் மிதியில் இருக்கும். இடுப்பு ஒரே இடத்தில். பார்வை ஒரே இடத்தில். நாள் முழுக்க அப்படித்தான். காலையில் தெருவில் பாவு நீட்டும் நேரத்தில்தான் பலர் நாலு எட்டு நடப்பதே. வீட்டில் பெரிய இடத்தைத் தறி எடுத்துக்கொள்ளும். பட்டு நூல் இருக்கும் இடத்தில் குழந்தை ஓடியாடினால் நூல் அறுந்துவிடும், கை அழுக்கு ஒட்டிவிடும். "சும்மா ஒரு இடத்துல உக்காரு" என்பதுதான் எங்கள் பிள்ளைகள் சிறு வயதிலிருந்து அதிகம் கேட்ட வாக்கியமாக இருக்கும். முன்பு அப்படி உட்கார்ந்த பிள்ளை தார் சுற்றிக் கொடுத்தது. கோர்வைப் புடவைக்கு மறுபக்கக் கரை நாடாவைத் தள்ளிவிட ஒரு சிறு ஆள் தேவைப்பட்டதால், பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளைகள் தறியோடு உட்கார்ந்த காலமும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இருந்தது. இன்று அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். மாலையில் வீட்டில் உட்காரும்போது கையில் கைப்பேசி இருக்கிறது.

வீட்டில் உட்காரச் சொல்கிறார்கள். பள்ளியிலும் நாம் உட்காரச் சொல்கிறோம். பிறகு அந்தக் குழந்தை எங்கே ஓடும்?

உட்கார்ந்தே இருப்பதால் என்ன வரும் என்பதை விளக்க ஒரு பழைய ஆய்வு எனக்கு மிகவும் உதவியாக இருக்கிறது. இங்கிலாந்து மருத்துவர் ஜெரமி மாரிஸ், லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் வேலை செய்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இருவரும் ஒரே பேருந்தில், ஒரே நெரிசலில் வேலை செய்பவர்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். 1953-இல் வெளியான அந்த ஆய்வில், நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே மாரடைப்பு நோய் அதிகம் வந்தது தெரிந்தது. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முன்னோடி ஆய்வுகளில் இது ஒன்று. ஐந்தாம் வகுப்புக்கு இதைக் கதையாகச் சொல்லலாம். நான் சொன்னபோது ஒரு பையன், "அப்போ தறியில உக்கார்றவங்க டிரைவரா, கண்டக்டரா டீச்சர்?" என்று கேட்டான். கையும் காலும் ஓயாமல் அசைகின்றன, ஆனால் இடுப்பு நகர்வதில்லை. "ரெண்டும் பாதிப் பாதி" என்றேன். இன்றைக்கும் அதைவிடச் சரியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டு, மனித உருவம் வரைந்து, வலிக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து வரச் சொன்னேன். முதுகு, இடுப்பு, முழங்கால், தோள்பட்டை, கண் என்று புள்ளிகள் வந்தன. நல்ல செயல்பாடு என்று மகிழ்ந்த நேரத்தில் ஒரு குழந்தை, "தறி கெட்டது டீச்சர், எங்க அப்பாகிட்ட அதை விட்டுடச் சொல்லப் போறேன்" என்றது. அந்தத் தறிதான் அவள் உடுத்தியிருக்கும் துணிக்கும் உண்ணும் சோற்றுக்கும் காசு தருகிறது. சுகாதாரம் கற்பிக்கிறோம் என்ற பெயரில் பெற்றோரின் தொழிலைக் குழந்தையின் கண்ணில் தாழ்த்திவிடக் கூடாது. மறுநாள் அதே செயல்பாட்டை மாற்றினேன்: ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவை எழுந்து நிற்க வைப்பது உன் வேலை, எப்படி எழுப்புவாய்? தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பொய் சொல்வேன் என்றெல்லாம் பதில்கள் வந்தன. பொய் வேண்டாம், தண்ணீர் போதும் என்று முடிவு செய்தோம்.

சரி, ஒரு குழந்தைக்கு எவ்வளவு அசைவு வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடல் இயக்கம் வேண்டும். அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் இயக்கம் இருக்க வேண்டும். அறுபது நிமிடம் என்றதும் மலைப்பாக இருக்கும். ஒரே மூச்சில் தேவையில்லை. காலையில் பதினைந்து, மதிய இடைவேளையில் இருபது, மாலையில் மீதி என்று சேர்த்தால் போதும். எலும்புக்கு வலுவூட்டுவது என்றதும் எடை தூக்குவதை நினைக்க வேண்டாம். குதித்துத் தரையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் எலும்புக்கு வேலை. நொண்டியும் பாண்டியும் பச்சைக்குதிரையும் ஸ்கிப்பிங்கும் அதைத்தான் செய்கின்றன. கிளித்தட்டில் குறுகிய தூர ஓட்டம், சட்டென்று நிற்பது, திரும்புவது எல்லாம் இருக்கிறது. கோடு கிழிக்க ஒரு கைப்பிடி சுண்ணாம்பு போதும். நம் ஊர் விளையாட்டுகளைப் பழம்பெருமைக்காக ஆண்டு விழாவில் மட்டும் மேடையேற்றாமல், கால அட்டவணைக்குள் கொண்டுவரலாம்.

'மிதமானது', 'கடுமையானது' என்பதை ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? பேச்சை வைத்துச் சொல்லலாம். ஓடும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமானது. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால் கடுமையானது. சுகமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே போகிறாய் என்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். மருத்துவர்களும் பயன்படுத்தும் எளிய சோதனைதான் இது. பிள்ளைகள் ஓடிக்கொண்டே பாடிப் பார்த்து, பாட்டு உடைந்து போகும் இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு நாடி பார்க்கச் சொல்லித் தரலாம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரு விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது 80, 90 என்று வரும். ஓடி வந்ததும் எகிறும். சில நிமிடத்தில் இறங்கும். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு இதைவிட ஆர்வமான பயிற்சி எனக்குத் தெரியாது. எண்ணும் எழுத்தும் வகுப்பில் தரையில் எண்கோடு வரைந்து, இரண்டிரண்டாகவும் ஐந்தைந்தாகவும் குதிக்க வைப்பதும் இப்படித்தான்.

தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. வகுப்பாசிரியர்தான் எல்லாம். இருக்கும் விளையாட்டுப் பாடவேளையையும் பாடம் முடியவில்லை என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். சத்தம் போட்ட வகுப்புக்கு "இன்னைக்கு விளையாட்டு கிடையாது" என்பது நம் கையில் எப்போதும் இருக்கும் ஆயுதம். அதிகம் துறுதுறுவென்று இருக்கும் குழந்தைக்குத்தான் ஓட்டம் மிகவும் தேவை. அந்தக் குழந்தையிடமிருந்துதான் முதலில் பறிக்கிறோம். சத்துணவை யாராவது தண்டனையாக நிறுத்துவோமா?

நான் செய்து பார்த்து நிலைத்தது ஒரு பதினைந்து நிமிடம்தான். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரில் உள்ள தூய நினியன் தொடக்கப் பள்ளியில் 2012-இல் தலைமை ஆசிரியர் எலைன் வைலி தொடங்கிய 'டெய்லி மைல்' என்ற பழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். நாளும் பதினைந்து நிமிடம் பிள்ளைகள் வெளியே போய்த் தங்கள் வேகத்தில் ஓடலாம், நடக்கலாம், தோழியோடு பேசிக்கொண்டே போகலாம். சீருடை மாற்ற வேண்டாம், கருவி வேண்டாம். முக்கியமாக, யார் முதல் என்று பார்ப்பதில்லை. அங்கே குளிர், இங்கே வெயில். அதனால் நேரத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 15.9.2022 அன்று மதுரையில் தொடங்கி, 25.8.2023 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த பிறகு, வழிபாட்டுக் கூட்டத்தில் பசியில் மயங்கி விழும் குழந்தையை நான் பார்ப்பது அரிதாகிவிட்டது. வெறும் வயிற்றோடு வந்த குழந்தையை ஓடச் சொல்ல முன்பு எனக்கு மனம் வந்ததில்லை. இப்போது தயக்கமில்லை. சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம். முதல் பாடவேளை முடிந்ததும், வெயில் ஏறும் முன் வைத்துக்கொள்கிறோம். ஏப்ரலில் வெயில் முந்திக்கொண்டால் மரநிழலில் நடை மட்டும்.

பாடநேரம் குறைகிறதே என்ற கேள்வி வரும். எங்கள் பள்ளியிலும் வந்தது. சிறிது நேரம் ஓடியாடிய பின் குழந்தைகளின் கவனம் கூடுவதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மதிப்பெண் ஏறும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஓடிவிட்டு வந்த பின் "டீச்சர், இவன் கிள்றான்" என்ற புகார்கள் குறைந்தன என்பதை மட்டும் என் வகுப்பில் கண்டேன்.

தொடங்கும் முன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு யாருக்காவது இதயக் குறை, வீசிங், இரத்தசோகை என்று குறித்திருந்தால் அந்தப் பெயர்கள் வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடக்கச் சிரமப்படும் குழந்தையை நிரந்தரமாக விசில் ஊதவும் பைகளுக்குக் காவல் இருக்கவும் வைத்துவிடாதீர்கள். நானும் அப்படி வைத்தேன். ஒரு நாள் அவனே வந்து, "நானும் வர்றேன், மெதுவா வருவேன்" என்றான். இன்னொன்று, எடை பார்க்கும் நாளில் எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். 'குண்டு', 'ஓமக்குச்சி' என்ற பட்டப்பெயர்கள் பெரும்பாலும் அன்றுதான் பிறக்கின்றன.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊரில் உடற்பயிற்சியைப் பேச முடியாது. பெற்றோர் கூட்டத்தில் இதயம், எலும்பு என்று நான் பேசியபோது மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண் என்றதும் நிமிர்ந்தார்கள். நெசவாளருக்குக் கண்தான் முதல். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்று ஆண்டுகள், நாளும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெட்டவெளிக்கு அனுப்பினார்கள். அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காடு. பகல் வெளிச்சம் கண்ணின் வளர்ச்சியைச் சீராக வைக்கிறது என்று விளக்குகிறார்கள். வெயிலை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. வெளியே இருந்தாலே போதும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, "ஏன் புள்ளைங்கள வெளியில வுடுறீங்க, கறுத்துப் போகுதுங்க" என்ற கேள்வி நின்றது. "நாளைக்கும் வுடுங்க டீச்சர்" என்று ஒரு அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

கை கழுவுவதும் இதே கதைதான். 'சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்' என்று எல்லாக் குழந்தைகளுக்கும் ஒப்பிக்கத் தெரியும். குழாயடியில் சோப்பு இருக்காது. முதலில் சோப்பு வேண்டும். வெங்காயம் வரும் வலைப்பையில் சோப்புத் துண்டைப் போட்டுக் குழாயில் கட்டிவிட்டால் வழுக்கி விழாது, காணாமலும் போகாது. பிறகு ஒரு சோதனை. மூன்று பிள்ளைகளின் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தடவுங்கள். ஒருவர் வெறும் தண்ணீரில் கழுவட்டும். இன்னொருவர் சோப்பைத் தொட்டுவிட்டு அவசரமாகக் கழுவட்டும். மூன்றாமவர் விரல் இடுக்கு, நகக்கண், புறங்கை எல்லாம் 20 நொடி தேய்த்துக் கழுவட்டும். வெள்ளைத் துணியில் மூவரும் கையைத் துடைத்தால் அழுக்கு எங்கே தங்கும் என்று நாம் விளக்கவே வேண்டாம். சோப்பின் காரம் பட்டு மஞ்சள் சிவப்பாக மாறும். முதல் முறை பிள்ளைகள் இரத்தம் என்று பயந்துவிட்டார்கள். அறிவியல் ஆசிரியர்கள் நிறங்காட்டிப் பாடத்தை அங்கேயே தொடங்கிவிடலாம். காலை உணவுக்கு ஒருமுறை, சத்துணவுக்கு ஒருமுறை என்று பள்ளியிலேயே இரண்டு வேளை இந்தப் பழக்கத்துக்கு இடம் இருக்கிறது. கழிப்பறைக்குப் பின் கழுவுவதுதான் தவறிப்போகும். அங்கும் ஒரு வலைப்பை கட்டுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையோடு இதைச் சேர்த்துச் சொன்னால், மாத்திரை எதற்கு என்பதும் புரியும்.

தண்ணீர் குடிப்பதில் பெண் குழந்தைகளைக் கவனியுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரே குடிக்காமல் மாலை வரை இருப்பவர்கள் உண்டு. 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க என்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். மணி அடிப்பது எளிது. அந்த மணிக்குப் பிறகு பெண் குழந்தைகள் எத்தனை பேர் கழிப்பறைக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். தாழ்ப்பாள் உடைந்திருந்தால் எந்த மணியும் பயன்படாது. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் கேட்டு வாங்கியவற்றில் மிகச் சிறியது இரண்டு தாழ்ப்பாள். மிகவும் பயன்பட்டதும் அதுதான்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடித்து எங்களிடமிருந்து போகும் பெண் பிள்ளைகள் கிளித்தட்டில் பையன்களைத் தோற்கடித்துவிட்டுத்தான் போகிறார்கள். எட்டாம் வகுப்பில் வழியில் பார்த்துக் கேட்டால், "இப்பல்லாம் விளையாடறதில்ல டீச்சர்" என்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பந்து பையன்களிடம் இருக்கும். இவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. 146 நாடுகளின் 2016-ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டபோது, 11 முதல் 17 வயதுள்ள பெண் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினரும் ஆண் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினரும் நாளொன்றுக்கு அந்த 60 நிமிடத்தை எட்டவில்லை. எங்களிடம் வேப்பமரத்தைச் சுற்றி ஓட மறுத்து அழுத சிறுமியும் இப்போது உங்களில் யாரோ ஒருவர் வகுப்பில்தான் இருக்கிறாள். பிறகு நன்றாகவே ஓடினாள். நொண்டியில் அவளைப் பிடிக்க ஆளில்லை. மைதானத்தில் ஒரு பக்கத்தை, வாரத்தில் இரண்டு நாளாவது, பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி ஒரு பந்தையும் கொடுத்துப் பாருங்கள்.